ஜன்னல் ஓரத்து ஜாடிகள்

மார்ச் 4

கூட்டத்தில் மேலாளர் என் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டச் சொன்னார். ஒரு புது ரசாயனத்தின் அமைப்பை வரைந்து கொடுத்தால் போதும். அது எண்ணெயில் எவ்வளவு கரையும், ஏற்கெனவே சோதித்த எந்தப் பொருளைப் போல இருக்கிறது என்று பார்த்து, தண்ணீர்ப்பூச்சிகளை எந்த அளவில் கொல்லும் என்று என் நிரல் சொல்லிவிடும். டீ ஆறுவதற்குள் பதில். எல்லோரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் என் கணவர் கையைத் தூக்கினார்.

"எங்க வீட்டம்மா இதுவரைக்கும் ஒரு பூச்சியையாவது நேர்ல பாத்திருக்காங்களான்னு கேளுங்க சார்."

சிரிப்பு. மேலாளர்கூட. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் வீட்டுச் சண்டையை ஆபீசுக்குத் தூக்கிவந்தேன் என்பார்கள்.

பூச்சி அறை என் கணவருடையது. கடுகைவிடச் சிறிய நன்னீர்ப் பிராணிகளைத் தொட்டி தொட்டியாக வளர்ப்பார். கம்பெனிகள் அனுப்பும் ரசாயனத்தை ஜாடி நீரில் கலந்து, இருபது இருபதாக விட்டு, இரண்டு நாள் கழித்து ஜாடியை லேசாகச் சுழற்றி, நீந்தாதவற்றை எண்ணுவார். படிக்கும்போது நாங்கள் ஒரே வகுப்பு. அவர் முதல், நான் இரண்டாவது. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு மார்க்கைச் சாப்பாட்டுத் தட்டில் வைத்துப் பரிமாறிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 5

உப்பில்லாமல் சமைத்தேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அது இன்னும் எரிச்சல்.

மார்ச் 17

மேலாளர் தனியாகக் கூப்பிட்டார். பூச்சி அறைக்கு ஆகும் இடம், ஆள், மின்சாரம் எல்லாம் வீண் என்கிறார். ஒரு டஜன் ரசாயனங்களுக்கு நான் முன்கூட்டியே பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். என் பதிலைப் பார்க்காமல் என் கணவர் பூச்சிகளை வைத்துச் சோதிப்பார். இரண்டும் ஒத்துப்போனால் அறையை மூடிவிடலாம்.

"உங்க வீட்டுக்காரர் கையாலயே நடக்கட்டும்மா. அப்பதான் பின்னாடி யாரும் வாயைத் திறக்க முடியாது."

பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து நானே அவரிடம் சொன்னேன். முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசை.

மாறவில்லை. "என் குழியை என்னையே வெட்டச் சொல்றாரு. வெட்டிட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, துணி காயப்போடப் போய்விட்டார். அவர் அம்மா, என் அத்தை, மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 2

ஏழு பொருள்கள் முடிந்தன. ஏழும் என் பக்கம். ஒவ்வொரு முறையும் அவர் எண்ணிக்கையை மேலாளர் முன்னால் தெளிவாக வாசிக்கிறார், நான் முன்பே எழுதி ஒட்டிய என் உறையைப் பிரிக்கிறேன். ஒன்றைக்கூடக் கூட்டிக் குறைக்கவில்லை. கொஞ்சமாவது ஏமாற்றுவார் என்று காத்திருந்தேன். ஏமாற்றினால் பிடித்துவிடலாம். இப்படி நேர்மையாகத் தோற்கிற ஆளை என்ன செய்வது?

ஏப்ரல் 9

கடைசிப் பொருள். சாயத் தொழிற்சாலை ஒன்று புதிதாகப் பயன்படுத்தப்போவது. மூன்று வளையங்கள் ஒட்டிக்கொண்ட எளிய அமைப்பு. ஏரியில் போய்ச் சேரும் கழிவுநீரில் அவர்கள் விடப்போகும் அளவில் ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கொடுத்திருந்தேன். தொழிற்சாலைக்கு அவசரம், மேலாளருக்கு அதைவிட அவசரம்.

முதல் நாள் மதியத்துக்குள் எல்லாம் செத்துவிட்டன. எல்லாம். ஒரு ஜாடி பாக்கியில்லை.

எப்படி? மற்றதெல்லாம் சரியாக வந்து இது மட்டும் எப்படி? பூச்சி அறைக்கே போனேன்.

"செத்துப்போச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க ஏதோ பண்ணியிருக்கீங்க."

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "எனக்குக் கேட்டா போதாது. போய்ச் சொல்ல வேண்டியவர்கிட்ட சத்தமா சொல்லு" என்றார்.

ஏப்ரல் 10

சொன்னேன்.

ஜாடிகளை வழக்கமாக வைக்கும், விளக்கும் வெப்பமும் மாறாத பெரிய அலமாரி இந்த வாரம் பழுது. அதனால் ஜாடிகளை ஜன்னல் ஓரப் பலகையில் வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். பக்கத்திலேயே வெறும் தண்ணீரில் பூச்சி விட்ட ஜாடிகளும் இருந்தன. அவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. மேலாளர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ வெயிலும் இல்ல, சூடும் இல்ல. ரசாயனம் இருந்த ஜாடியில மட்டும் யாரோ எதையோ சேர்த்திருக்காங்க. வேற யாரும்மா அந்த ரூமுக்குப் போறாங்க?"

நான் பெயரைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

ஏப்ரல் 16

அலமாரியைச் சரிசெய்து, சோதனையைத் திரும்ப வைத்து, சாவியை மேலாளரே வைத்துக்கொண்டார். இரண்டு நாள் முடிந்து இன்று திறந்தோம். எல்லாப் பூச்சிகளும் துள்ளிக்கொண்டிருந்தன.

அவரைக் கூப்பிட்டார்கள். அலமாரியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உதட்டோரத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு. பிடிபட்டவன் அப்படிச் சிரிப்பானா?

"என்ன சொல்றீங்க?" என்று மேலாளர் கேட்டார்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார்."

அங்கேயே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். வெளியே வந்தபோது நடைபாதையில் பேச்சு நின்றது. பொண்டாட்டியே காட்டிக்கொடுத்த ஆளைப் பார்க்க அத்தனை கதவிலும் ஒரு தலை.

ஏப்ரல் 28

அத்தை தன் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வாசலில் பையை வைத்துக்கொண்டு, "என் புள்ளையோட சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டு உனக்கு எப்படிம்மா ஜீரணமாகுது?" என்றார்.

"நல்லாத்தான் ஆகுது அத்தை."

பையைத் தூக்கிவிடப் போனேன். தொடவிடவில்லை.

மே 6

சாயத் தொழிற்சாலைக்குச் சான்றிதழ் போய்விட்டது. சோதனையில் ஜன்னல் ஓரத்துப் பழைய ஜாடிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. கையெழுத்து என்னுடையது. பிரிவுக்கு நான்தான் இனித் தலைவி.

பூச்சி அறையைக் காலிசெய்யச் சொன்னேன். கல்லூரிக்காரர்கள் ஒரு தொட்டியைக் கேட்டிருந்ததால் அதை மட்டும் விட்டுவைத்தோம். மற்றதைக் கொட்டும்போது துப்புரவு செய்யும் அக்கா தயங்கினார்.

"உசிரோட இருக்கேம்மா, நிறைய."

"கொட்டுங்கக்கா."

வெள்ளைக் கழுவுதொட்டியில் கொஞ்ச நேரம் துள்ளிக்கொண்டிருந்தன. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டே குழாயைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய பூச்சிகள்.

மே 19

வீட்டில் அவர்தான் சமைக்கிறார். நன்றாகவே சமைக்கிறார். வேலை தேடவில்லை, சண்டையும் போடவில்லை. "என்ன வேணும்?" "எதுவா இருந்தாலும் சரி." ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேச்சு.

ஜூன் 11

என் நிரலுக்குத் தீனிபோட மற்ற ஆய்வகங்களின் பழைய சோதனைகளை வாசித்துக்கொண்டிருந்தேன். அதே மூன்று வளையம். அதே குடும்பத்துப் பொருள். இருட்டிலோ விளக்கு வெளிச்சத்திலோ பூச்சிகளுக்கு ஒன்றும் ஆவதில்லையாம். வெயில் பட்டால் பல மடங்கு விஷம். பூச்சியின் உடம்பு கண்ணாடி மாதிரி. பொருள் உள்ளே போய்ச் சேர்ந்த பிறகு வெயிலும் நேராக உள்ளே போகிறது, இரண்டும் சேர்ந்து உள்ளுக்குள்ளேயே எரிக்கின்றன. வெறும் தண்ணீரில் இருந்தால் வெயில் ஒன்றும் செய்யாது.

ஜன்னல்.

ஐயோ. ஜன்னல் ஓரம்தானே வைத்திருந்தார்.

கல்லூரிக்காரர்கள் அந்தத் தொட்டியை இன்னும் எடுக்கவில்லை. சொட்டுக்குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி இரண்டு ஜாடிகளில் விட்டேன். எனக்கு வரவேயில்லை, பாதி குழாயிலேயே ஒட்டிக்கொண்டன. இரண்டிலும் அதே ரசாயனம், அதே அளவு. ஒன்று அலமாரிக்குள், ஒன்று அதே பலகையில்.

ஜூன் 12

வெயில் ஏற ஏற உட்கார்ந்து பார்த்தேன். முதலில் வேகமாகச் சுற்றின. பிறகு ஒரே இடத்தில் குதித்தன. பிறகு அடியில் போய்ப் படுத்தன. ஒன்றை எடுத்து லென்சுக்குக் கீழே வைத்தேன். இதயம் தெரிந்தது. அது விட்டு விட்டுத் துடிப்பதும், அப்புறம் துடிக்காததும் தெரிந்தது.

நிரலில் இதற்கு 'பாதிப்பில்லை' என்று எழுதியிருக்கிறது. நான்தான் எழுதவைத்தேன்.

அலமாரிக்குள் எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன.

ஜூன் 13

மேலாளரிடம் போனேன். முழுவதும் கேட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சான்றிதழ் போய் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சும்மா. ஜன்னல் ஓரத்துல வெச்சா சாகும்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

"ஏரிக்குக் கூரை இல்லையே சார்."

"உங்க வீட்டுக்காரரை அனுப்பினது உங்க வார்த்தையை நம்பித்தான். இப்போ அது தப்புன்னு சொல்றீங்க. அப்போ முதல்ல யாரை அனுப்பணும்? நீங்களே சொல்லுங்க."

எழுந்து வந்துவிட்டேன். வழியில் அந்த இரண்டு ஜாடிகளையும் நானே கழுவிக் கவிழ்த்தேன்.

சாயங்காலம் அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அடக்க முடியாமல், "அது வெயிலுங்க, வெயில்தான் கொன்னிருக்கு" என்றேன்.

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அலமாரியைத் திறந்தீங்களே, அப்பவே. உள்ள உசிரோட இருந்துச்சு, வெளிய செத்துச்சு. வேற என்ன இருக்கும்?"

"அப்போ ஏன் வாயைத் திறக்கல?"

"நீ என்னைக் கேட்டியா? நேரா அவர்கிட்டப் போன. சரி, நீயே கையெழுத்தும் போடுன்னு இருந்தேன்."

"ஏரிக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுமா?"

நிமிர்ந்து பார்த்தார். வெங்காயத்தால் கண்ணெல்லாம் சிவப்பு. "ஏரியைப் பத்தி உனக்கு எப்பலேருந்து கவலை?"

ஜூன் 14

இன்றைக்கு நாள் முழுக்க மேகம். நல்லது என்று நினைத்தேன். இதையெல்லாம் நினைக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 21

அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. காலையில் ரப்பர் பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. கேட்டிருக்கலாமோ?

ஆகஸ்ட் 30

ஏரி பச்சையாகிவிட்டதாகச் செய்தியில் காட்டினார்கள். பெயின்ட் கொட்டினது போல. பாசியைத் தின்கிற பூச்சிகள் போய்விட்டால் பாசிதான் மிஞ்சும், இதற்கு நிரல் வேண்டாம். மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. வலை போடுகிற ஒருவர் செத்த மீனை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, காமெராவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். அவர் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

செப்டம்பர் 23

ஆய்வுக்கு அரசு அதிகாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும், அமைதியாகப் பேசுகிற பெண்மணி. அவர் பின்னால் ஏரித் தண்ணீர் ஜாடிகளைச் சுமந்துகொண்டு, ரப்பர் பூட்ஸோடு, என் கணவர்.

அதிகாரி சான்றிதழை என் பக்கம் நகர்த்தினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

மேலாளர் முந்திக்கொண்டார். "அது முழுக்க அவங்க பிரிவோட முடிவு மேடம். நான் அதுல தலையிடறதேயில்ல."

"வெயில் பட்டா இது விஷமாகும்னு உங்களுக்கு அப்போ தெரியாதா?"

"தெரியாது" என்றேன். அது உண்மைதான். கையெழுத்துப் போட்ட அன்றைக்குத் தெரியாது.

"அப்புறம்?"

மேலாளரைப் பார்த்தேன். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறமும் தெரியாது" என்று என் வாய் சொன்னது.

"ஜூன்லயே தெரியும் மேடம்." பின்னாலிருந்து என் கணவர் குரல். ஜாடிகளை மேசைமேல் ஒவ்வொன்றாக, சத்தம் வராமல் வைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்களேதான் சொன்னாங்க. முன்னாடி ஒண்ணா இருந்தப்போ."

ஒன்றாக வேலை பார்த்ததைச் சொல்கிறார் என்று நினைத்து, அதிகாரி அப்படியே குறித்துக்கொண்டார். இன்று காலை நாங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து காபி குடித்திருந்தோம்.

பிரிவை மூடி முத்திரை வைத்தார்கள். வெளியே போகச் சொன்னார்கள், பையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மழை வரும்போல இருந்தது. துணியை எடுக்க மாடிக்கு ஓடினேன். கொடி காலி. கீழே வந்து பார்த்தால் என்னுடையதையெல்லாம் எடுத்து, மடித்து, கட்டிலில் என் பக்கம் அடுக்கி வைத்திருக்கிறார். அவருடையது ஒன்றும் இல்லை. பீரோவிலும் இல்லை.