உப்பில்லாத சோறு

அன்பு உம்மு ரபாபுக்கு,

நீயும் நம் மகள் ரபாபும் நலம்தானே? முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே வடக்கே சுலைமானியாவில் முதல் நாளே கட்டிட வேலையாட்கள் அறுபது பேருக்கு உப்பில்லாமல் சோறு வடித்து மானம் போனது. நம் ஷத்துல் அரபு ஆற்றுத் தண்ணீரில் சமைத்த கை. உப்புப் போடத் தோன்றவே இல்லை.

"என்னண்ணே, பஸ்ராவுல உப்புக்குத் தடையா?" என்றான் கொத்தனார் ஹேமின்.

"எங்களுக்குக் குழாயிலயே வருதுடா!"

எல்லை அந்த ஆற்றின் நடுவிலா, ஈரான் கரையிலா என்று நம் ஈராக்கும் ஈரானும் எட்டு வருடம் அடித்துக்கொண்டார்கள். இப்போது இரு நாடும் மேலேயே அணை கட்டி நல்ல தண்ணீரை மடக்கிக்கொள்ள, கடல்நீர் ஆற்றில் ஏறி நம் தோட்டத்தைத் தின்கிறது. கேட்க நாதியில்லை. நீயோ மிஞ்சிய ஐந்து பேரீச்சை மரங்களுக்குக் காவல் இருக்கிறாய்.

என் கம்பளிச் சட்டையை அனுப்பு. அடுப்பில் சோறு கொதிக்கிறது, முடிக்கிறேன்.

தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை: இங்கே தண்ணீர் இனிக்கிறது. மரங்களை விட்டுவிட்டு வந்துவிடு.

உன் அபூ ரபாப்