கீரைக்கு வைத்த பலகை

அண்ணி,

இந்த மாதம் பெய்த மழைக்கு, கம்பெனி பஸ் நிற்கும் இடத்தின் பின்னால், மூடிக்கிடக்கும் தொழிற்சாலையின் கம்பி வேலி முழுக்க முடக்கத்தான் படர்ந்துவிட்டது. காலை ஷிப்ட் முடிந்து இறங்கியதும் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். அந்தப் பச்சை வாசனை வந்ததும் நீங்கள் பக்கத்தில் நிற்பது போலிருந்தது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, இங்கே முளைப்பதையெல்லாம் தின்னக் கூடாதம்மா என்றார். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, முந்தானையை ஏந்தி இன்னும் இரண்டு கை பறித்தேன். தோசை மாவில் அரைத்துச் சேர்க்க அது போதும்.

ஆரம்பாக்கத்திலிருந்து என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தீர்கள். வந்த சூட்டிலேயே என்னோடு பேக்கிங் வேலைக்கும் சேர்ந்தீர்கள். பஸ் நம்மை மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து ஏரிக்கரை வழியாக ஊருக்கு நடை. மற்றவர்கள் வீடு போய்ச் சேரும் அவசரத்தில் நடப்பார்கள். நீங்கள் மட்டும் தரையைப் பார்த்தபடியே வருவீர்கள். மழைக்காலத்தில் கரையோரத்துப் பொன்னாங்கண்ணி, வரப்பில் ஆரைக்கீரை. பனி விட்டதும் கொடுக்காப்புளி. கத்திரி வெயிலில் களாக்காய். அதைப் பறித்த கையில் முள் கிழிக்காத நாள் கிடையாது. ஆடியில் நாவல் பழம் தின்றுவிட்டு வேலைக்குப் போவோம். சூப்பர்வைசர் ஏதாவது கேட்டால், ஊதா நாக்கு தெரியக் கூடாதென்று இருவரும் தலையை மட்டும் ஆட்டுவோம்.

சம்பளம் வாங்குகிறவர்கள் மாட்டுத் தீனியைப் பொறுக்குகிறீர்களே என்று என் அம்மா திட்டுவார். உங்களுக்குக் கோபமே வராது.

“இல்லாமைக்கு இல்ல அத்தை, ருசிக்குத்தான்” என்பீர்கள்.

எல்லாம் தெரிந்தவர் என்றும் சொல்லிவிட முடியாது. ஒருமுறை ஏதோ ஒரு கொடியைக் கோவை இலை என்று நினைத்துக் கடைந்து போட்டீர்கள். வீடு மொத்தமும் வாந்தி எடுத்தது. அண்ணன் சட்டியைத் தெருவில் வீசினார். மறுநாள் சாயங்காலம் ஏரிக்கரையில் மறுபடியும் குனிந்தீர்கள். பயமாக இல்லையா என்று கேட்டேன். நேற்று வேறு செடி, இன்றைக்குச் சரியான செடி என்று சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பு நின்ற நாளும் எனக்குத் தெரியும். ஏரிக்கு வரும் கால்வாயில் தண்ணீர் பழுப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்தது. பொன்னாங்கண்ணி இலைகளின் ஓரம் தீயில் காட்டியது போலக் கருகியிருந்தது. கால்வாயோடு மேலே நடந்து போனோம். ஒரு கம்பெனியின் மதில் சுவருக்கு அடியிலிருந்து குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அன்றோடு அந்தக் கரையில் பறிப்பதை நிறுத்தினீர்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம் புகார் சொன்னீர்கள். அதிகாரிகள் வந்தார்கள், பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். சில வாரங்கள் கழித்து ஏரிக்கரையில் ஒரு பலகை முளைத்தது. இந்த ஏரியின் மீனையும் கீரையையும் யாரும் உண்ண வேண்டாம் என்று எழுதியிருந்தது. குழாய் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த கிராம சபையில் கருகிய கீரையை ஒரு கட்டாகக் கட்டி மேசைமேல் வைத்தீர்கள். 

“கீரைக்குப் போர்டு வெச்சிட்டீங்க. பைப்புக்கு இன்னா வெச்சீங்க?”

கடையில் கிடைக்காத கீரையா, வாங்கிக்கொள்ளுங்களம்மா என்றார் தலைவர். சிலர் சிரித்தார்கள்.

“கடையில இருக்கறது தெரியும் சார். ஏரியில இருந்தத யாரு எடுத்தாங்க? அதான் கேக்கறேன்.”

தலைவர் அடுத்த தீர்மானத்தைப் படிக்கச் சொன்னார். நீங்கள் உட்காரவில்லை. கடைசியில், நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வாரமே, பேக்கிங்குக்கு ஆள் எடுக்கும் கான்ட்ராக்டர் உங்களை வேலைக்கு வர வேண்டாம் என்றான். காரணம் கேட்டதற்கு ஆள் அதிகம் என்றான். நானும் நின்றுவிடுகிறேன் என்று கொதித்தேன். “ரெண்டு பேரும் நின்னுட்டா ஊட்டுல அடுப்பு எரியாது. நீ போ. நான் இவனுங்கள பாத்துக்கறேன்” என்றீர்கள். பார்த்துக்கொண்டீர்கள். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினீர்கள். போகப் போக ஊர்ப் பெண்களும் உங்களோடு சேர்ந்து வந்தார்கள். அடுத்த மழைக்கு முன்னால் அந்தக் குழாயை சிமென்ட் வைத்து அடைத்தார்கள். அன்றைக்கு நீங்கள் வாங்கி வந்த மைசூர்பாகு என் நாக்கில் இன்னும் இருக்கிறது.

கரையில் புதுத் துளிர் வந்தபோது தினமும் போய்ப் பார்த்தீர்கள். பறிக்கவில்லை. இன்னும் இரண்டு மழை போகட்டும், மண்ணைக் கழுவட்டும் என்றீர்கள். அந்த மழையைப் பார்க்க நீங்கள் இருக்கவில்லை. சித்திரையில் ஒரு காலை, துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார் டாக்டர்.

காரியத்துக்கு வந்தவர்கள் வேறு சொன்னார்கள். கண்ட கீரையையும் தின்றாள், அதுதான் கொண்டுபோனது என்றார்கள். கேட்டுக் கேட்டு அண்ணனும் நம்பிவிட்டார். இனிமேல் அந்தக் கீரை இந்த வாசலுக்குள் வரக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவரை எதிர்த்து நான் பேசியதே இல்லை. அன்றைக்குப் பேசினேன்.

“அண்ணி செத்ததுக்குக் கீரை மேல பழி போடாத அண்ணா. நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரனும் இதையேதான் சொல்லுவான். நாமளே அவனுக்கு எடுத்துக் குடுக்கணுமா?”

அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. நான் பறிப்பதை நிறுத்தவில்லை. ஏரிப் பக்கம் போகாமல், மேட்டில், மழைத் தண்ணீர் மட்டும் நிற்கிற இடங்களில் பறித்தேன். அவர் உட்கார்ந்திருக்கும் திண்ணையைத் தாண்டும்போது கீரையை மறைக்காமல் தூக்கிக்கொண்டுதான் நடந்தேன். வேண்டுமென்றேதான், அண்ணி.

இப்போது ஏரியின் மறு பக்கத்தில் புதிதாக ஒரு குழாய் வந்திருக்கிறது. போன கிராம சபையில் நான் எழுந்து நின்று அதைப் பற்றிக் கேட்டேன். உங்களைப் போலக் கோத்துப் பேச எனக்கு வரவில்லை. பாதியில் நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கினேன். உங்க அண்ணிதான் இப்படி வந்துகொண்டிருந்தார், இப்போது நீங்களா என்று தலைவர் சலித்துக்கொண்டார்.

“ஆமா. அவங்க கேட்டதத்தான் நானும் கேக்கறேன். பதில சொல்லுங்க.”

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.  கைகளைக் கட்டிக்கொண்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்காருங்க, உட்காருங்க என்று யாரோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் அசையவில்லை.

என் கேள்வியைத் தீர்மான நோட்டில் எழுதி, எனக்குப் படித்துக் காட்டும்வரை நாங்கள் இரண்டு பேரும் உட்காரவில்லை, அண்ணி.