தூதன் சொல்ல வேண்டிய சேதி

1942 ஜூன் 29
மாதா திருநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நாடகம் போடச் சொல்லிவிட்டார் பங்குச் சாமியார். பழைய நாடகம்தான். அரசன் போருக்குப் போகிறான், அரசி காத்திருக்கிறாள், தூதன் வந்து ஒரே வரி சொல்கிறான்: "அரசர் மாண்டார்." பிறகு விடிய விடிய அரசியின் புலம்பல். பிள்ளைகளுக்கு அது எதற்கு? தூதனே கதை சொல்வதுபோல் மாற்றி எழுதப்போகிறேன். வழியெல்லாம் அவன் என்ன நினைத்திருப்பான்?

ஜூலை 3
எழுதியதை வகுப்பில் வாசித்தேன். என் தூதன் ஊர் வந்துவிடக் கூடாதே என்று குதிரையை மெதுவாக நடத்துகிறான். கிணற்றைக் கண்டால் இறங்கிவிடுகிறான். பிள்ளைகள் சிரித்தார்கள். தூதன் வேடத்துக்கு அமல்ராணி கை தூக்கினாள். கணீர்க் குரல். அவளுக்கே கொடுத்துவிட்டேன்.
அவள் அப்பா ஞானராஜ் ரங்கூனில் மூட்டை தூக்கப் போனவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து தகவலே இல்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் அம்மா அம்மணி என்னைத் தேடி வருவாள். "பேப்பர்ல பர்மா சேதி எதனா போட்டுக்கிறானா டீச்சரம்மா?"

ஜூலை 7
ஒத்திகை. மழை, பாதியில் நிறுத்தினோம்.

ஜூலை 11
சாக்குக்கட்டி வாங்கத் திண்டிவனம் போனேன். ரயிலை விட்டு இறங்கியதும் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். எலும்பும் தோலுமாக இருந்தார். கூட்டேரிப்பட்டு துரைக்கண்ணு என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஞானராஜோடு கப்பல் ஏறியவர். பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்திருக்கிறார். ஞானராஜ் வழியிலேயே காலராவில் போய்விட்டாராம்.
"உங்க ஊரு ஒலக்கூர்ல எறங்கணும்னுதான் வந்தேன். எறங்க முடியல. அம்மணி மூஞ்சிய எப்டிப் பாக்குறது? நீங்களே சொல்லிடுங்கம்மா."
சரி என்றேன். ஏன் சொன்னேன்?

ஜூலை 13
சொல்லவில்லை. அம்மணி கேழ்வரகு நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். சேற்றுக் கையோடு தூரத்திலிருந்தே கும்பிட்டாள்.

ஜூலை 16
இன்றும் இல்லை. நாடகத்தில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டேன். அந்தப் பெண் வாயால் அதைச் சொல்ல வைக்க என்னால் முடியாது. தூதன் ஊர் எல்லைக்கு வந்ததும் திரை விழும் என்றேன்.
அமல்ராணி விடவில்லை. "சேதி சொல்லலன்னா அரசி காத்துக்கினே இருப்பாங்களே டீச்சர்?"
"இருக்கட்டும். சின்னப்பிள்ளைங்க நாடகம்தானே."
"எங்கம்மா மாதிரி," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.
வெளியே போய் நின்றுவிட்டேன். நான் என்ன பண்ணிக்கினு இருக்கேன்? யாருக்கு நல்லது பண்றதா நெனப்பு?

ஜூலை 18
பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ்ஸைப் பிடித்துக் கூட்டேரிப்பட்டு போனேன். துரைக்கண்ணு கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார்.
"நான் பாக்கலையே. பாத்தது நீங்கதானே. அவ எதனா கேட்டா நான் என்ன சொல்றது?" என்றேன்.
அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மனைவி தையல்நாயகிதான் உள்ளிருந்து சொன்னாள்: "போயிட்டு வாய்யா. வந்ததுலேர்ந்து நீ ஒரு வேளை சோறு ஒழுங்கா துன்னல."
எழுந்து சட்டையை மாட்டினார்.

ஜூலை 19
சொன்னோம்.
அம்மணி அழுததை எழுதப்போவதில்லை. பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "தனியாவா கெடந்தாரு?"
"இல்லம்மா. என் மடியிலதான் தலைய வச்சிருந்தாரு. அமலு, அமலுன்னாரு. மூங்கில்ல சிலுவை கட்டி நட்டுட்டுதான் வந்தேன். உங்க ஜெபம் எனக்குத் தெரியாது. கையெடுத்துக் கும்பிட்டுக்கினு நின்னேன்."
அமல்ராணி என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"
தெரியும் என்றேன். பிடியை விட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 20
அமல்ராணி பள்ளிக்கு வந்தாள். என்னோடு பேசவில்லை. தூதன் வேடத்தைச் சவுரிராயனுக்கு மாற்றியிருக்கிறேன். அடித்த வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

செப்டம்பர் 8
நாடகம் நடந்தது. சவுரிராயன் தடுமாறாமல் சொன்னான். அமல்ராணி பாடுகிற பிள்ளைகளோடு நின்று பாடினாள். அம்மணி கடைசிவரை இருந்தாள்.

நவம்பர் 2
கல்லறைத் திருநாள். ஞானராஜுக்கு இங்கே கல்லறை இல்லை. பூசை மட்டும் வைத்தார்கள். துரைக்கண்ணு வந்து கோயிலுக்கு வெளியே தூறலில் நின்றார். அம்மணி எழுந்து போனாள்.
"ஏண்ணா வெளியில நிக்கிற? உள்ள வாண்ணா."
வந்தார். தலையைத் துவட்டத் தன் முந்தானையைக் கொடுத்தாள்.
நான் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். அமல்ராணி திரும்பிப் பார்த்தாள். பாயில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.