பஹ்ரைன் தனியாகப் போட்ட ஒப்பந்தம்

6 செப்டம்பர் 2025, சனி

நானும் என் கணவரும் சேர்ந்து படிக்கும் சர்வதேச உறவுகள் எம்.ஏ.வுக்கான கட்டுரையின் முதல் பக்கம்: விஷால், தாரிணி. அவர் பெயர்தான் முன்னால். அமெரிக்காவோடு வரி பேசும்போது ஐரோப்பிய ஒன்றியம் எப்படி நடந்துகொள்கிறது, நாங்கள் இருக்கும் இந்த வளைகுடா நாடுகள் எப்படி என்று ஒப்பிட்டு எழுதியது முழுக்க நான். ஒரு வரிகூட அவருடையது இல்லை. கேட்டால், "புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னடி முன்னாடி பின்னாடி?" என்கிறார். அப்படியென்றால் என் பெயரை முன்னால் போட வேண்டியதுதானே?

9 செப்டம்பர்

மாற்றச் சொன்னேன். "மேனேஜர் போஸ்டுக்கு இந்த டிகிரி எனக்குத்தான் வேணும். நீ வீட்லதானே இருக்க."

ஆமாம். கோயம்புத்தூரில் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவள், ஷார்ஜா ஃபிளாட்டில் சும்மா இருக்கிறேன். பற்றிக்கொண்டு வருகிறது.

20 செப்டம்பர், சனி

வகுப்பில் நான் எழுதியதை அவர் வாசித்தார். பேராசிரியர் அவரிடம் கேட்டார்: ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த நாடும் அமெரிக்காவோடு தனியாக வர்த்தக ஒப்பந்தம் போட முடியாது. இங்கே வளைகுடாவில், வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோரும் ஒரே சுங்கவரி என்று 'கஸ்டம்ஸ் யூனியன்' ஆகக் கூடிய பிறகும் பஹ்ரைன் தனியாகப் போட்டதே, எப்படி?

கட்டுரையிலேயே இருக்கிறது. விஷால் என் பக்கம் திரும்பினார். வழக்கம்போல் கிசுகிசுப்பேன் என்று. நான் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரில் கத்தினார். "வெளிய வந்தா ஒண்ணா நிக்கணும்னு தெரியாதா? மானம் போச்சு!"

"பஹ்ரைன் நின்னுச்சா?"

அதுவும் அவருக்குப் புரியவில்லை.

21 செப்டம்பர்

அவர் ஹாலிலேயே படுத்துக்கொண்டார். நல்லது.

1 அக்டோபர்

கூட்டாக எழுதிய கட்டுரைக்கு ஒரே மதிப்பெண்ணாம். கேட்டதற்குப் பதில் வராததால் அவர் பெயில். நானும் பெயில்! கரண்டியைத் தூக்கி சிங்க்கில் எறிந்தேன். யார் மேல் கோபம் – பேராசிரியர் மேலா, இந்த ஆள் மேலா, வாயைத் திறக்காத என் மேலா? 'எனக்குத் தெரியும் சார்' என்று எழுந்திருக்க என்ன கேடு எனக்கு?

4 அக்டோபர், சனி

திரும்ப எழுத விடுகிறார்கள். தனித்தனியாகவும் எழுதலாம். என் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

குழைந்துகொண்டு வந்தார். "ரெண்டையும் நீயே எழுதிடேன் தாரு. கொஞ்சம் மாத்தி மாத்திப் போட்டா போதும்."

"மாஃபி" என்றேன். அவர் ஆபீஸில் டிரைவர்களிடம் அரபியில் இல்லை என்று சொல்கிற அதே தோரணையில்.

18 அக்டோபர், சனி

காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். ஹாலில் மகளிடம் விஷால் கெஞ்சுவது கேட்டது. "பாப்பா, கஸ்டம்ஸ் யூனியன்னா என்னன்னு அம்மாகிட்ட கேட்டுட்டு வாயேன்."

"யூ ஆஸ்க் ஹர், டாடி," என்றாள் அனன்யா.

காலடி என் கதவு வரை வந்தது. தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் நாற்காலி இழுபட்டது. எம்.ஏ. புத்தகத்தின் முதல் பாடத்தை வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார். தப்பும் தவறுமாக வாசிக்கிறார். நான் எழுந்து போகவில்லை.