நாலிலிருந்து மூன்றுக்கு

நீர்காத்த அய்யனார் துணை

வன்னியம்பட்டி
17.8.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கனகலட்சுமி எழுதுகிறேன். நானும் அத்தையும் நலம். அங்கே மலைப் பாதையில் மண் சரிந்ததாகச் செய்தியில் காட்டினார்கள். உங்கள் பட்டாளத்து லாரி அந்தப் பக்கம்தான் போகிறதா என்று அத்தை தினமும் கேட்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வரி எழுதுங்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் கால்வாசி சொல்வதற்குள் 'சரி, விடு' என்கிறீர்கள். அதோடு சிக்னலும் போய்விடுகிறது. காகிதம் பாதியில் அறுந்துபோகாது. முழுதும் படியுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்பதற்காகக் கார் சாவியை உங்கள் தம்பி பொன்னுராஜிடம் கொடுக்கச் சொன்னீர்கள். கொடுக்கவில்லை. வண்டியை வாங்க அவர் கூட்டிவந்த கான்சாபுரத்து ஆளுக்கு மோர் கொடுத்து, விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கொழுந்தனாருக்குக் கோபம். 'அண்ணன் சொன்னதுக்கு மேல பேச்சா மதினி?' என்று கேட்டார். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். இதோ பேசுகிறேன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். ராஜபாளையத்தில் பகல் ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தேன். என்னோடு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஜெபாவும் பெத்தம்மாளும் பின்னால் இருந்தார்கள். முழங்கால் வைத்தியத்துக்கு வந்திருந்த அத்தை முன்னால். பஞ்சுப் பொதி லாரி ஒன்று எங்களுக்கு முன்னே ஊர்ந்தது. எதிரே ரோடு காலியாக இருந்தது. கியரை நாமே மாற்றும் மேனுவலில் போட்டு, நாலிலிருந்து மூன்றுக்குத் தட்டிவிட்டு, லாரியை முந்த வெளியே எடுத்தேன். கியர் விழவில்லை. திரையில் நாலு என்றே நின்றது. மிதித்தால் இஞ்சின் கத்துகிறது, வண்டிக்கு வேகம் ஏறவில்லை. லாரியின் பாதி நீளத்துக்குப் போயிருந்தபோது எதிரே தென்காசி பஸ் வந்துவிட்டது. பிரேக் போட்டு லாரிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் மூன்று விழுந்தது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் உங்கள் காதுக்கு, மதினி அம்மாவைக் கொல்லப் பார்த்தாள் என்று போய்ச் சேர்ந்தது. நீங்கள் போன் செய்தீர்கள். 'உன்ன யாரு ஓவர்டேக் பண்ணச் சொன்னது? ஆட்டோமேட்டிக்ல எதுக்கு மேனுவல்? டிரைவ்ல போட்டுட்டுப் பேசாம வர வேண்டியதுதான?' என்றீர்கள். சாவியைக் கொடு என்றும் சொன்னீர்கள். மாதத்தில் பாதி நாள் எனக்கு ராத்திரி ஷிப்ட். அது முடிகிற நேரத்தில் நம் ஊருக்கு பஸ் கிடையாது. கார் போனால் சூப்பர்வைசர் வேலையும் போய்விடும். இது தெரிந்துதான் சொன்னீர்கள்.

கியர் தாமதமாக விழுகிறது என்று நான் ஏற்கெனவே இரண்டு முறை சர்வீஸ் சென்டரில் சொல்லியிருந்தேன். அங்கே பாலகணேஷ் என்று ஒரு தம்பி. 'இந்த வண்டியெல்லாம் செத்த நேரம் எடுத்துத்தான் மாத்தும்க்கா, பழகிக்கோங்க' என்பார். காலி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, நல்லாத்தான் இருக்கு என்று சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்.

இந்த முறை நான் தனியாகப் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டி வண்டியை நன்றாகச் சூடேற்றிக்கொண்டு, அத்தை, ஜெபா, பெத்தம்மாள் மூவரையும் பின்னால் வைத்துக்கொண்டு போனேன். இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பெத்தம்மாள் கண்ணாடியை இறக்கி, 'ஏ தம்பி, காலி வண்டில என்னத்தக் கண்ட? நாங்க ஏறுனாத்தான் ஒங்க மெசினுக்கு மூச்சு முட்டுது. வா, வந்து ஒக்காரு' என்றார். சர்வீஸுக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தம்பி முன்னால் ஏறினார்.

நான்தான் ஓட்டினேன். ரயில்வே மேம்பாலத்து ஏற்றத்தில் மூன்றுக்குத் தட்டினேன். திரையில் நாலு மாறவில்லை. அவர் திரையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். 'கிளட்ச் தேஞ்சிருக்குக்கா' என்றார். மேட்டில் நிற்கும்போது பிரேக் போடாமல், வண்டி பின்னால் உருளாதபடி ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடிப்பது யார் என்று கேட்டார். நான் இல்லை என்றேன். பின்னாலிருந்து அத்தை சொன்னார்கள்: 'அது எளையவன் வேலைல்லா. ஞாயித்துக்கெழம வண்டிய எடுத்தான்னா இந்த மேட்டுல டிராக்டர் கணக்கா உறும விட்டுக்கிட்டே நிப்பான். ஏம்ல இப்படின்னு கேட்டா, ஒனக்கென்னம்மா தெரியும்பான்.'

காலுக்குத்தான் கிளட்ச் இல்லை, உள்ளே இருக்கிறது. மேட்டில் அப்படிப் பிடித்து நிறுத்தினால் உரசியே தேய்ந்துபோகும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளட்ச் மாற்றியாகிவிட்டது. இப்போதும் ஒரு சின்னத் தாமதம் உண்டு. அது இந்த வண்டியின் குணம். அதனால் லாரிக்குப் பின்னால் இருக்கும்போதே கியரை இறக்கி, திரையில் மூன்று வந்த பிறகுதான் வெளியே எடுக்கிறேன். வராவிட்டால் எடுப்பதில்லை. பெத்தம்மாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, 'ஏட்டி, மூணு வந்துட்டு, போ' என்கிறார். ஓவர்டேக்கை நான் விடவில்லை. மேனுவலையும் விடவில்லை. மாற்றுச் சாவி அத்தையிடம் இருக்கிறது. கொழுந்தனார் கேட்டதற்கு, பிரேக் எது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார்கள்.

தீபாவளி லீவுக்கு வரும்போது ஸ்டேஷனுக்கு நான்தான் வண்டி கொண்டுவருவேன். வேறு யாரையும் வரச் சொல்லாதீர்கள். நீங்கள் இடது பக்கம் உட்காருங்கள்.

பதினெட்டு வருஷமாகப் பட்டாளத்து லாரி ஓட்டுகிறீர்கள். உங்கள் கூட்டாளி ஒருவர் வளைவில் தடுமாறித் தப்பித்து வந்தால், 'எந்தக் கியர்ல இருந்த?' என்றுதான் முதலில் கேட்பீர்கள். அன்றைக்கு என்னிடம் எல்லாம் கேட்டீர்கள். அதை மட்டும் கேட்கவில்லை. பதில் இப்போது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டு எழுதுங்கள்.

இறக்கத்தில் பார்த்து வாருங்கள். உங்கள் சக்கரத்துக்கு அடியில் மண் நழுவாமல் அய்யனார் பிடித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கனகலட்சுமி