எட்டாம் எண் ஓஸ்கா

மார்ச் 3, 2024, ஞாயிறு

காலையில் தெலுக் பங்லிமா காராங் ஊருக்குப் போய் இராமலிங்கத்தின் காரைப் பார்த்து வந்தேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. கூரை இல்லாத, தாழ்வான, சிவப்புப் பந்தயக் கார். மசராட்டி சகோதரர்கள் தங்கள் கம்பெனியை விற்ற பிறகு மறுபடி தொடங்கிய சின்னப் பட்டறையின் வண்டி, ஓஸ்கா. உலகத்திலேயே கொஞ்சம்தான் செய்தார்கள். எல்லாம் கையால் தட்டியவை. ஒரே கல்லில் வார்த்த தோசைகள் மாதிரி, சாயல் இருக்கும், அச்சாக ஒன்றுபோல் இருக்காது.

அசலா நகலா என்று பார்த்துச் சொல்லும் வேலையைப் பழைய கார் குழு என்னிடம் தள்ளிவிட்டது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சருக்குப் பொறுமை இருக்குமாம்.

“டீச்சர், ஜோகூர்ல ரேஸ் ஓடின வண்டின்னு சொல்லித்தான் எனக்கு வித்தாங்க,” என்றார் இராமலிங்கம். “எங்க சொந்தக்காரங்களுக்கு இது இத்தாலிக் குப்பை. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா அவங்க வாய அடைச்சிடுவேன்.”

காரின் அடிச்சட்டத்தில் தட்டிய சேசிஸ் எண் இருக்கிறது. ஆனால் எண்ணை யார் வேண்டுமானாலும் தட்டலாம். அந்தக் காலத்துப் படம் ஒன்று வேண்டும்.

மார்ச் 9, சனி

குழுவிலுள்ள வக்கீல் கமலநாதன் படம் அனுப்பினார். அறுபதுகள், ஜோகூர் சாலைப் பந்தயம், கறுப்பு வெள்ளை. எட்டாம் எண் கார். அதே மூக்கு, முதுகில் அதே திமில். சந்தோஷம் அரை நிமிடம்தான். படத்தில் ஸ்டியரிங் இடப்பக்கம். கொட்டகையில் இருப்பதற்கு வலப்பக்கம்.

பிறகு மாற்றியிருப்பார்களோ? மாற்றியிருந்தால் சட்டத்தில் பழைய ஓட்டைகளோ பற்றவைத்த தழும்போ இருக்கவேண்டும். மத்தியானம் மறுபடி போய் டார்ச் அடித்துத் தேடினேன். ஒன்றுமில்லை. இந்தச் சட்டம் பிறந்ததிலிருந்தே வலப்பக்கம்தான். அப்படியானால் இது அந்தக் கார் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் குழு கூடியது. சொன்னேன்.

“அப்ப டூப்ளிகேட்டா டீச்சர்?” என்றார் இராமலிங்கம்.

“அந்த வண்டி இல்லைங்க. அதப் பார்த்து யாரோ பின்னால செஞ்சிருக்கணும்.”

“சரி லா,” என்றார். பாயசம் வருவதற்குள் இலையை மடித்துவிட்டார்.

மார்ச் 15, வெள்ளி

இராமலிங்கம் வாட்ஸ்அப் குழுவை விட்டு விலகிவிட்டார்.

மார்ச் 21, வியாழன்

கிள்ளானில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் குரு போனில் கூப்பிட்டான். இராமலிங்கத்தின் தம்பி. “அண்ணன் மனசு விட்டுட்டாரு டீச்சர். நகல்தானே, என்னமும் செஞ்சுக்கோன்னு சொல்லிட்டாரு. சனிக்கிழம கொட்டகைக்கே வந்து முன்பக்கச் சட்டத்த வெட்டி டொயோட்டா எஞ்சின் உட்கார வெக்கப் போறேன். ஓடவாவது ஓடட்டுமே.” மட்கார்டு அந்தக் காலத்தில் எப்படி இருந்தது, படத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னான்.

சரி என்றேன். நகலுக்கு நான் ஏன் வருத்தப்படுகிறேன்? காருக்கா, அந்த மனிதருக்கா?

மார்ச் 23, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் மட்கார்டுக்காக அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன். காருக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். முந்தானை வலது தோளில். முப்பது வருடம் பள்ளிக்குப் புடவை கட்டிப் போனவள் நான். கண் அங்கேயே நின்றது. குஜராத்திக் கட்டாக இருக்கலாமே? பக்கத்து ஆளைப் பார்த்தேன். சட்டைப் பை வலப்பக்கம். அடுத்தவனுக்கும். அவனுக்கு அடுத்தவனுக்கும்.

படத்தையே திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். எழுத்து ஏதாவது இருந்தால் காட்டிக்கொடுத்திருக்கும். இருந்தது எட்டு மட்டும். எட்டைக் கண்ணாடியில் பார்த்தாலும் எட்டுதான் — இதை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் நான். எப்படி எனக்குத் தோணாமப் போச்சு?

அப்படியானால் அந்தக் காருக்கும் ஸ்டியரிங் வலப்பக்கம். இன்று சனிக்கிழமை.

இராமலிங்கம் போன் எடுக்கவில்லை. குருவும் எடுக்கவில்லை. இரும்பு வெட்டுகிற சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது? கிராப் டாக்சி பிடித்தேன். வழியெல்லாம் கடவுளே, கடவுளே. “ஆன்டி, ஹாஸ்பிட்டலா போகணும்?” என்று டிரைவர் கேட்டான்.

கொட்டகையில் சத்தமில்லை. முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உள்ளே குரு பெயின்ட் டின் மேல் உட்கார்ந்திருந்தான். காரின் முதுகிலும் மூக்கிலும் தட்டுத் தட்டாக மோர் மிளகாய்.

“காலையிலேருந்து சும்மா உட்கார்ந்திருக்கேன் டீச்சர். அண்ணி கைய வெக்க விடமாட்டேங்கறாங்க.”

“எம் மிளகா காயாம இரும்புத் தூள் பறக்கக்கூடாது,” என்றார் ரமணி. இராமலிங்கத்தின் மனைவி. “தினம் மழை. இந்தத் தகரத்துக்குக் கீழதான் சூடு இருக்கு. நான் என்ன பண்ண?”

இரும்பு வெட்டுகிற வட்டத் தகடு உறை பிரிக்காமல் தரையில் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. குரு எழுந்து டின்னை எனக்குக் கொடுத்தான்.

வீட்டுக்குள்ளிருந்த இராமலிங்கத்தைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். முந்தானை, சட்டைப் பை, எட்டு. “நான் தப்பாச் சொல்லிட்டேன். இது அதே வண்டிதான்.”

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு மிளகாய்த் தட்டைத் தூக்கினார்.

“ரமணி, இத வேற எங்கயாச்சும் வை.”

“இத்தன வருஷம் இங்கதானே காஞ்சுது?”

“இனிமே ஆகாது லா.”

ஏப்ரல் 8, திங்கள்

படம் எடுத்தவரின் மகளிடமிருந்து கமலநாதன் நெகட்டிவ் வாங்கி வந்தார். சரியாகப் பிடித்துப் பார்த்தால் ஸ்டியரிங் வலப்பக்கம். சட்ட எண்ணைப் படமெடுத்து இத்தாலிக்கும் அனுப்பியிருந்தோம். அந்தப் பட்டறையின் கார்களுக்குப் பட்டியல் வைத்திருக்கிற ஒருவரிடமிருந்து பதில் வந்தது: எண் பட்டியலோடு பொருந்துகிறது. நிம்மதியாகத் தூங்கி எழுந்தேன் என்று எழுதுவதற்கு இத்தனை நாள் ஆயிற்று.

மே 12, ஞாயிறு

பழைய எஞ்சினையே குரு ஓடவைத்துவிட்டான். இராமலிங்கம் என்னை டெங்கில் வரை கூட்டிப் போனார். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே காற்று முகத்தில் அறைந்தது. மூக்குக் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டீக்கடையில் ஒரு லோரிக்காரர் காரைச் சுற்றி வந்தார். “இது என்ன காடி, பாஸ்?”

இராமலிங்கம் ஆரம்பித்தார். சகோதரர்கள், பட்டறை, கையால் தட்டிய தகரம், ஜோகூர், எட்டாம் எண். லோரிக்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேருடைய டீயும் ஆறிப்போயிற்று.

பந்தயம் நடந்த வருடத்தை இராமலிங்கம் ஒன்று தள்ளிச் சொன்னார். நான் திருத்தவில்லை.