கரண்டு வைத்த கழுத்து

சதுரங்கப்பட்டினம்,
வியாழக்கிழமை.

கத்தாரில் இருக்கும் பெஞ்சமின் அவர்களுக்கு,

அன்பரசி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். துரை அண்ணன் லீவு முடிந்து உங்கள் கேம்ப்புக்கே திரும்புவதால், நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நிச்சயம் ஆனதிலிருந்து போனில் உங்களிடம் ‘உம்’ என்பதைத் தவிர நான் என்ன பேசியிருக்கிறேன்?

உங்கள் அம்மா அறுத்து எடுக்கச் சொன்ன என் கழுத்துக் கட்டியை நான் அறுக்கவில்லை. போன வாரம் செங்கல்பட்டுக்குப் போய் கரண்டு வைத்துச் சுட்டுக்கொண்டேன். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. அம்மாவை மட்டும் துணைக்குக் கூட்டிப் போனேன்.

பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் போன் பேச வாசலுக்குப் போனீர்கள். அப்போது நடந்தது உங்களுக்குத் தெரியாது. உங்கள் அம்மா என் துப்பட்டாவை விலக்கி, கட்டியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்கள். “இன்னாடி இது, கோலிகுண்ட முழுங்கிகினு கீற?” என்று கேட்டார்கள். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். என் அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவள் பயத்தில் சிரித்தாள் என்பது எனக்குத் தெரியும். கட்டி போகிறவரை சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். நான் தலையாட்டினேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹாதியா என்பவர் ஊசி குத்திச் சோதித்து, இது தைராய்டு கட்டி, புற்று இல்லை என்றார். இரண்டாவது தடவையும் அப்படியே வந்தது. சும்மா விட்டாலும் உயிருக்கு ஒன்றும் இல்லையாம். ஆனால் எனக்குச் சோறு விழுங்கும்போது அடைக்கிறது. சபையில் பாடும்போது மேல் சுரத்தில் இழுக்கிறது. அது உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. அறுத்தால் தழும்பு இருக்கும், ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டி வரலாம் என்றார். அறுக்காமல் கரண்டு வைத்துச் சுடுகிற இன்னொரு வழியும் சொன்னார். அதையே செய்யுங்கள் என்றேன். கையெழுத்துப் போட வீட்டு ஆம்பள யாராவது வந்திருக்கிறார்களா என்று அங்கே ஒருவர் கேட்டார். எனக்கு இருபத்தாறு வயது, என் கழுத்து, நானே போடுகிறேன் என்றேன். பேனாவை வாங்கிப் போட்டேன்.

மயக்கம் கொடுக்கவில்லை. கழுத்தை மட்டும் மரக்கச் செய்தார்கள். கரண்டு உடம்பில் தங்காமல் திரும்பிப் போக இரண்டு தொடையிலும் பெரிய பிளாஸ்திரி ஒட்டினார்கள். ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே டாக்டர் மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டார். அதன் முனையில்தான் கரண்டு. உள்ளே பட்பட்டென்று பொரிகிற சத்தம் எனக்கே கேட்டது. குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறதாம். அதனால் கரண்டை நிறுத்தும் போதெல்லாம் நான் ஏதாவது பேச வேண்டும். குரல் மாறினால் அதோடு நிறுத்திவிடுவேன் என்றார்.

என்னைப் போய்ப் பேசச் சொன்னால்? முதலில் பெயர் சொன்னேன். பிறகு பி.காம். என்றேன், எங்கள் தெருவிலிருந்து முதலில் காலேஜுக்குப் போனவள் என்றேன். மாமல்லபுரத்து ஹோட்டலில் ரூம் புக்கிங் பார்க்கிறேன் என்றேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. டாக்டர் விடவில்லை. “பேசும்மா, பேசிக்கினே இரு” என்றார். அப்போது அந்தக் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. அம்மாவின் சிரிப்பு ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீட்டில் ஒரு நாளும் வராத வார்த்தைகள் வந்தன. டாக்டர், “குரல் அருமையா கீது. இன்னும் ரெண்டு திட்டு திட்டு” என்றார். நர்ஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

சுட்ட கட்டி உடனே மறையாது. உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். கொஞ்சம் மிச்சமும் இருக்கலாம். உங்கள் அம்மா செவ்வாய்க்கிழமை வந்து பார்த்துவிட்டு, “கரண்டு வெச்சும் அப்டியேதான கீது” என்று கோபமாகத் திரும்பினார்கள். கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் தள்ளிப் போட மாட்டேன். நேற்று நானே ஆயரைப் பார்த்து, இந்த ஞாயிறே ஓலை வாசியுங்கள் என்றேன். மாப்பிள்ளை வாயால் ஒரு வார்த்தை வந்தால் வாசிக்கிறேன் என்றார். ஓலை வாசித்து முடித்ததும் ஆட்சேபம் உண்டா என்று சபையைக் கேட்பார் அல்லவா? என் கழுத்தைப் பற்றி ஆட்சேபம் இருக்கிறவர்கள் எழுந்து சொல்லட்டும். நான் பாடகர் வரிசையில் துப்பட்டா சுற்றாமல்தான் நிற்பேன். உங்கள் வார்த்தை வராவிட்டாலும் அங்கேதான் நிற்பேன், பாடுவேன். ஆனால் அதன் பிறகு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நானே உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிடுவேன்.

ஒன்று மட்டும் மறக்கவில்லை. நிச்சயத்துக்கு மறுநாள் கோட்டைப் பக்கம் கடற்கரையில் நடந்தோம். “வேர்க்குது இல்ல? கழுத்துல சுத்தினத எடுத்துடேன்” என்றீர்கள். நீங்கள் என் கழுத்தைப் பற்றிப் பேசியது அது ஒன்றுதான். அன்று நான் எடுக்கவில்லை. இப்போது எடுத்துவிட்டேன். அதைச் சொன்னவரையே நம்பி இதை எழுதுகிறேன்.

துரை அண்ணன் நாளை இரவு அங்கே வந்துவிடுவார். சனிக்கிழமை உங்கள் அம்மாவிடம் பேசுங்கள், ஆயரிடமும் பேசுங்கள். அப்புறம் எனக்கும் போன் செய்யுங்கள். இந்தத் தடவை ‘உம்’ சொல்ல மாட்டேன். நீங்கள் பேசுவதைக் கேட்பேன். குரல் மாறினால் எனக்குத் தெரிந்துவிடும்.

கர்த்தர் உங்களைக் காத்து, உங்கள் வாயையும் திறப்பாராக.

இப்படிக்கு,
ஹெலன் மகள் அன்பரசி